0.771: மாறவே மாறாத ஓர் எண்ணும், குழந்தைகளை அளந்த சிரில் பர்ட்டும்

1955-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் 21 ஜோடி இரட்டையர்கள் இருந்தார்கள். 1958-ல் அந்த எண்ணிக்கை 30-ஐத் தாண்டியது. 1966-ல் 53 ஆனது. எல்லோரும் ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்து, சிறு வயதிலேயே பிரிக்கப்பட்டு, வேறு வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. ஒருவரின் ஐக்யூ இன்னொருவரின் ஐக்யூவோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும் எண் மூன்று முறையும் ஒன்றுதான்: 0.771.

தினமும் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று சொல்லவே வேண்டாம். பத்து வரிசை கூடுதலாகச் சேர்த்தாலே சராசரி கொஞ்சம் நகரும். இங்கே மாதிரியின் அளவு இரண்டரை மடங்கு ஆகியிருக்கிறது. மூன்றாவது தசம இலக்கம் அசையவே இல்லை. ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்த இரட்டையர்களுக்கான எண்ணும் அப்படித்தான்: 0.944, மறுபடி 0.944, மறுபடியும் 0.944.

இதை எழுதியவர் யாரோ ஒரு அவசரக்கார ஆய்வு மாணவர் இல்லை. பிரிட்டனில் சர் பட்டம் வாங்கிய முதல் உளவியலாளர். கற்றலில் பின்தங்கும் குழந்தைகள், சட்டத்தை மீறும் சிறுவர்கள் பற்றி அந்த நாட்டில் முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். பெயர் சிரில் பர்ட். 1971-ல், 88 வயதில் அவர் இறக்கும்வரை இந்த எண்ணைப் பற்றி யாரும் பொதுவெளியில் உரக்கக் கேட்கவில்லை.

டாக்டர் வீட்டுப் பையன்

பர்ட் 1883-ல் லண்டனில் பிறந்தார். அப்பா மருத்துவர். குடும்பம் பின்னர் வார்விக்‌ஷையர் கிராமப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கால்டனின் சகோதரர். கால்டன் யார்? மனிதத் திறமைகள் பரம்பரையாக வருபவை என்று வாதிட்டவர். இரட்டையரை ஒப்பிட்டால் பிறவியையும் வளர்ப்பையும் பிரித்துப் பார்க்கலாம் என்று முதலில் யோசித்தவர். நல்ல பரம்பரையைப் பெருக்க வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். சிறுவன் பர்ட் அவரை நேரில் பார்த்திருக்கிறான். அந்தப் பிரமிப்பு கடைசிவரை போகவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது கிரேக்கமும் லத்தீனும். உளவியல் பக்கம் இழுத்தவர் ஆசிரியர் வில்லியம் மெக்டூகல். 1909-ல் பர்ட்டின் முதல் முக்கியமான கட்டுரை வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டு பள்ளிகளில் 43 சிறுவர்களைச் சோதித்திருந்தார். 30 பேர் சாதாரண ஆரம்பப் பள்ளி மாணவர்கள். 13 பேர் மேல்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இருந்தவர்கள். அந்த 13 பேர் நன்றாகச் செய்தார்கள். இதற்குக் காரணம் வளர்ப்பு இல்லை, பிறவி என்று முடிவு கட்டினார் பர்ட்.

43 பையன்கள். இரண்டே பள்ளிகள். இதை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய முடிவா என்று இன்று கேட்போம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு: 26 வயதில் எட்டிய இந்த முடிவு அவருக்கு 88 வயதிலும் மாறவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகளில் அவர் சேர்த்த தரவு எல்லாம் இந்த முடிவை நோக்கியே போய்ச் சேர்ந்தது.

கிங்ஸ் கிராஸ் அருகே ஒரு சமையலறை

1913-ல் லண்டன் கவுன்டி கவுன்சில் பர்ட்டை வேலைக்கு எடுத்தது. பள்ளிக் குழந்தைகளுக்காக ஓர் உளவியலாளரை ஓர் உள்ளாட்சி அமைப்பு நியமிப்பது பிரிட்டனில் அதுவே முதல் முறை. வேலை பகுதி நேரம். பொறுப்பு மட்டும் முழு நகரத்துக்கும்.

அவருடைய நல்ல காலம் இதுதான் என்பது என் கருத்து. 1925-ல் வந்த 'தி யங் டெலிங்க்வென்ட்' புத்தகம் ஓர் ஆகஸ்ட் மாத மதியத்தில், கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காற்றே வராத ஒரு நிலவறைச் சமையலறையில் தொடங்குகிறது. அழுதுகொண்டிருக்கும் ஒரு சிறுவன். வயது எட்டுகூட ஆகவில்லை. திருடுகிறான், பள்ளிக்குப் போவதில்லை, இன்னொரு சிறுவனின் மரணத்துக்கும் காரணமாகிவிட்டான். பர்ட் அவனுக்கு ஜெர்ரி என்று பெயர் சூட்டுகிறார். அதற்குப் பிறகு அவர் கேட்கும் கேள்விகள் ஒரு போலீஸ்காரர் கேட்பவை அல்ல. வீடு எப்படி? அப்பா, அம்மா யார்? உடம்பு எப்படி இருக்கிறது? படிப்பு எந்த அளவு? அவன் எதற்குப் பயப்படுகிறான், எதற்கு ஏங்குகிறான்?

அந்தக் காலத்தில் குற்றம் செய்யும் குழந்தை பிறவியிலேயே கெட்டது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பர்ட் என்ன செய்தார் தெரியுமா? சட்டத்தை மீறிய சுமார் 200 குழந்தைகளை ஆராய்ந்ததோடு நிற்கவில்லை. அதே தெருக்களில், அதே மாதிரிப் பள்ளிகளில் இருந்த, எந்தத் தப்பும் செய்யாத 400 குழந்தைகளையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்துக்கொண்டார். ஒப்பீட்டுக் குழு என்பது இன்று எந்த ஆய்விலும் அடிப்படை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, மருந்து சாப்பிடாதவர்களையும் பார்க்க வேண்டும் இல்லையா, அதே மாதிரி. குழந்தைகளின் குற்றம் பற்றிய ஆய்வில் 1920-களில் அது அபூர்வம்.

அதனால் கிடைத்தது என்ன? குற்றம் செய்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏழை வீடுகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் வறுமை மட்டுமே காரணம் என்று அவர் நிறுத்தவில்லை. ஏழை வீடுகளில் பெரும்பாலான குழந்தைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லையே. வீட்டில் ஒழுங்குமுறை குலைந்திருப்பது, அதாவது ஒன்று அடி உதை, இல்லையென்றால் கண்டுகொள்ளாமல் விடுவது, இதுதான் அவர் தரவில் மிக வலுவாக வந்த காரணி. மொத்தம் 170-க்கும் அதிகமான காரணிகளைப் பட்டியலிட்டார். ஒரு குழந்தையின் பிரச்சனைக்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அரிது என்று பிரிட்டனில் அவ்வளவு விரிவான ஆதாரத்தோடு காட்டிய முதல் புத்தகங்களில் அது ஒன்று. குழந்தைகளுக்கான ஆலோசனை மையங்கள் அந்த நாட்டில் உருவானதிலும் பர்ட்டுக்குப் பங்கு உண்டு.

பரம்பரைதான் எல்லாம் என்று பின்னாளில் வாதிட்டவரும், வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசியவரும் ஒரே ஆள்தான். இது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

கட்-ஆஃப் எங்கிருந்து வந்தது?

பர்ட் வேலைக்குச் சேர்ந்த அதே 1913-ல் பிரிட்டனில் மனக்குறைபாட்டுச் சட்டம் வந்தது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யார் சிறப்புப் பள்ளிக்குப் போக வேண்டும், யாரைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்திருக்க முடியாது என்று அதிகாரிகள் பிரித்தாக வேண்டும். இரண்டாவது வகையில் விழுந்தால் அந்தக் குழந்தை காப்பகத்துக்குப் போகலாம், அங்கிருந்து திரும்பாமலேயும் போகலாம். அதுவரை பள்ளி மருத்துவர் கொஞ்ச நேரம் பார்த்து, தன் அனுபவத்தை வைத்து முடிவு செய்தார். பர்ட் அந்த இடத்தில் சோதனையை வைத்தார். பிரெஞ்சுக்காரரான ஆல்ஃப்ரெட் பினே உருவாக்கிய சோதனையை லண்டன் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி, 1921-ல் 'மென்டல் அண்ட் ஸ்காலஸ்டிக் டெஸ்ட்ஸ்' என்ற பெரிய புத்தகமாக வெளியிட்டார். ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்பது நியாயம்தான். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அளவுகோலில் கோட்டை எங்கே போடுவது? பர்ட்டின் பதில் வியக்கும் அளவுக்கு நேர்மையானது. சிறப்புப் பள்ளிகளில் எத்தனை இடம் இருக்கிறதோ, அதைப் பார்த்தார். மொத்தக் குழந்தைகளில் சுமார் 1.5 சதவீதம் பேருக்கு இடம் இருந்தது. கடைசி 1.5 சதவீதம் எந்த ஐக்யூவில் முடிகிறது என்று கணக்கிட்டார். ஏறக்குறைய 70. கோடு அங்கே விழுந்தது.

அதாவது 70 என்பது மூளையைப் பற்றிய கண்டுபிடிப்பு இல்லை. சீட் எண்ணிக்கை. கவுன்சலிங்கில் கட்-ஆஃப் எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்: இடம் கூடினால் கட்-ஆஃப் இறங்கும், அதனால் யாருடைய அறிவும் மாறிவிடாது. பர்ட்டுக்கு இது நன்றாகவே தெரியும், எழுதியும் வைத்தார். அந்த எண்ணைப் பிறகு பயன்படுத்திய பலர் அதை மறந்துவிட்டார்கள். நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு ஒரு குழந்தையின் இயல்பாகவே பார்க்கப்பட்டது.

1937-ல் 'தி பேக்வர்ட் சைல்ட்' வந்தது. தன் வயதுக்குரிய வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே உள்ள பாடத்தைக்கூடச் செய்ய முடியாத குழந்தைகளைப் பற்றிய புத்தகம். கண்பார்வை, காது, நோய், பசி, வீடு என்று எல்லாவற்றையும் அலசியது. அதே புத்தகத்தில்தான் சேரிக் குழந்தையின் முகத்தைக் குரங்கின் முகத்தோடு ஒப்பிடும் வர்ணனையும் இருக்கிறது. அவருடைய எல்லா அட்டவணைகளையும் பாராட்டிய விமர்சகர்கள்கூட இந்த இடத்தைக் கடந்து போக முடியவில்லை.

பதினொரு வயதில் ஒரு பரீட்சை

1930-களின் தொடக்கத்தில் பர்ட் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அறிவுத்திறன் ஆய்வில் பெரிய பெயரான சார்லஸ் ஸ்பியர்மேன் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. இனி அவர் வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. அரசுக் குழுக்கள் அவர் வீட்டுக்கு வந்தன. பள்ளிக் கல்வியைப் பற்றிய ஹேடோ குழு, ஸ்பென்ஸ் குழு ஆகியவற்றின் அறிக்கைகளில் அவருடைய கருத்துகள் இடம்பெற்றன. 11 வயதுக்குள் ஒரு குழந்தையின் பொது அறிவுத்திறனை நம்பகமாக அளந்துவிடலாம் என்பது அவர் வாதம்.

1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இலெவன் பிளஸ் தேர்வு நாடு முழுவதும் நிலைபெற்றது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கிராமர் பள்ளிக்கும், அதன் வழியே பல்கலைக்கழகத்துக்கும் போகும். மற்றவர்களில் பெரும்பாலோர் வேறு வகைப் பள்ளிகளுக்குப் போவார்கள். அந்தத் தேர்வை உருவாக்கியதே பர்ட்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது மிகை. தேர்வு வைத்துப் பிரிக்கும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது, சட்டத்தை எழுதியவர்கள் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும். அவர் கொடுத்தது அறிவியல் நியாயம். 1946-ல் சர் பட்டம் கிடைத்தது.

நடுவில் போர். கல்லூரிக் கட்டடங்கள் குண்டுவீச்சில் சேதமாகின. உளவியல் துறை வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித்துக்கு இடம் மாறியது. பழைய ஆவணங்களில் பல இந்தக் குழப்பத்தில் தொலைந்தன. இந்தக் காலத்தில்தான் பர்ட்டுக்குக் காது கேட்பதும், தலைசுற்றலும் பிரச்சனை ஆகின. மெனியர் நோய். 1932-ல் திருமணம் செய்த மாணவி பிரிந்து போனார். குழந்தைகள் இல்லை. 1950 வாக்கில் ஓய்வு பெற்றபோது, அவரிடம் ஆய்வுக் குழுவும் இல்லை, ஆய்வு நிதியும் இல்லை. லண்டனின் பிரிம்ரோஸ் ஹில் பகுதியில் ஒரு வீடு, வீட்டையும் கடிதங்களையும் கவனித்துக்கொண்ட செயலாளர் கிரெட்டல் ஆர்ச்சர், அவர் ஆசிரியராக இருந்த புள்ளியியல் உளவியல் இதழ். அவ்வளவுதான்.

இரட்டையர் கட்டுரைகள் இந்தக் காலத்தில்தான் பெருகின.

பிரிந்து வளர்ந்த இரட்டையர் ஏன் முக்கியம்?

ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றுதான். அவர்களைப் பிறந்தவுடன் பிரித்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வீடுகளில் வளர்த்தால், அப்புறமும் அவர்கள் ஒத்துப்போனால் அதற்குக் காரணம் மரபணுவாகத்தான் இருக்க வேண்டும். இதுதான் தர்க்கம். ஆனால் குழந்தைகளை ஆய்வுக்காகப் பிரிப்பது அநியாயம். எனவே வாழ்க்கையின் விபத்துகளால் ஏற்கெனவே பிரிந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் இரட்டையரைப் பிரிக்கும்போது ஒன்றை அம்மா வைத்துக்கொள்வார், இன்னொன்று பெரியம்மா வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ போகும். 1962-ல் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் பிரிட்டனில் செய்த ஆய்வில் பல ஜோடிகள் அப்படித்தான். அதே ஊர், அதே மாதிரி வருமானம், சில சமயம் அதே பள்ளி. பிரிந்து வளர்ந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

பர்ட்டின் தரவு மட்டும் வேறு மாதிரி இருந்தது. இரட்டையர்கள் போய்ச் சேர்ந்த வீடுகளின் சமூக நிலைக்கு இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்று அவர் காட்டினார். ஒன்று பணக்கார வீட்டுக்குப் போனால் மற்றது எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம், சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி. இது ஓர் ஆய்வாளரின் கனவு. அதோடு உலகத்திலேயே மிகப் பெரிய மாதிரியும் அவருடையதுதான். 1969-ல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சன், ஏழை மற்றும் கறுப்பினக் குழந்தைகளுக்கான கூடுதல் கல்வித் திட்டங்கள் ஏன் பலன் தரவில்லை என்று வாதிட்டு எழுதிய மிகப் பெரிய சர்ச்சைக் கட்டுரை, பர்ட்டின் எண்களைப் பெரிதும் நம்பியிருந்தது. லண்டன் இரட்டையரின் 0.771 அட்லாண்டிக் தாண்டி, யாருக்குப் பணம் செலவழிப்பது வீண் என்ற விவாதத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

இப்போது செய்முறையைப் பார்ப்போம். எந்தத் தேதியில், எந்த வயதில், எந்தச் சோதனையை வைத்து இந்தக் குழந்தைகள் அளக்கப்பட்டார்கள்? கட்டுரைகளில் இதற்குத் தெளிவான பதில் இல்லை. கிடைத்த மதிப்பெண்ணை ஆசிரியர்களிடம் காட்டி, அவர்கள் கருத்துப்படி திருத்தி, இறுதி மதிப்பீடு என்று ஒன்றைப் பயன்படுத்தினார். எவ்வளவு திருத்தினார்? தெரியாது. பெற்றோரின் அறிவுத்திறனை நேர்காணலில் பேசியே கணித்தார். சந்தேகம் வந்தால், சோதனை நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாதபடி பேச்சோடு பேச்சாகச் சோதித்தார். இதை அவரே எழுதியிருக்கிறார். தன் வரவேற்பறையில் உட்கார்ந்து டீ கொடுத்த அம்மாவுக்கு, எதிரே இருப்பவர் தனக்கு ஐக்யூ எண் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியாது. அன்றைய வழக்கப்படி இது குற்றம் இல்லை. ஆய்வில் பங்கேற்பவரின் சம்மதம் கட்டாயம் என்று மருத்துவ உலகம் ஹெல்சிங்கி பிரகடனத்தில் எழுதிவைத்தது 1964-ல்தான். பர்ட்டின் கடைசி இரட்டையர் கட்டுரை அதற்கு இரண்டு ஆண்டு பிந்தியது.

ஹோவர்ட் எங்கே? கான்வே எங்கே?

முதலில் உரக்கச் சந்தேகப்பட்டவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லியோன் காமின். விலங்குகளின் கற்றலை ஆராய்ந்தவர், ஐக்யூ அவர் துறையே இல்லை. வெளியாள் என்பதால்தானோ என்னவோ, பர்ட்டின் கட்டுரைகளை அட்டவணை அட்டவணையாக ஒப்பிட்டுப் பார்த்தார். 1974-ல் அவர் புத்தகம் வெளிவந்தது. எண்கள் தசமம் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதையும், செய்முறை விவரங்கள் இல்லாததையும் சுட்டிக்காட்டி, இந்தத் தரவு அறிவியல் கவனத்துக்கே தகுதியற்றது என்றார். அதே ஆண்டு ஜென்சனும் தனியாக எண்களை அடுக்கிப் பார்த்தார். மாதிரி மாறியும் மாறாத எண்கள் சுமார் 20 இடங்களில் இருந்தன. பர்ட்டின் கொள்கையை ஆதரித்தவரே, இந்த எண்களை எந்தக் கருத்தைச் சோதிக்கவும் பயன்படுத்த முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இது பலருக்குத் தெரியாது, ஆனால் முக்கியம்: இந்த எண்களைக் கைவிட்டதில் இரண்டு எதிரெதிர் முகாம்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்து ஒரு பத்திரிகையாளர். 'சண்டே டைம்ஸ்' இதழின் ஆலிவர் கில்லி, பர்ட்டோடு இரட்டையர்களைச் சோதித்ததாகச் சொல்லப்பட்ட மார்கரெட் ஹோவர்ட், ஜேன் கான்வே ஆகிய இருவரையும் தேடினார். பல்கலைக்கழகப் பதிவுகளைப் பார்த்தார், செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். யாரும் வரவில்லை. ஆர்ச்சர் அந்த இருவரையும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர்கள் பெயரில் இதழில் வந்த எழுத்துகள் பர்ட் எழுதியவை. அவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள் என்று பர்ட் சொல்லிவைத்திருந்தார். 1976 அக்டோபர் 24 அன்று கட்டுரை முதல் பக்கத்தில் வந்தது. பிரிட்டன் உளவியல் உலகம் இரண்டாகப் பிளந்தது.

அந்த நேரத்தில் லெஸ்லி ஹெர்ன்ஷா ஏற்கெனவே பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். பர்ட்டின் நினைவுக் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து பேசியவர். புத்தகம் எழுதச் சொன்னதே பர்ட்டின் சகோதரி. டைரிகள், கடிதங்கள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. பர்ட் நாள்தோறும் யாரைப் பார்த்தார், எங்கே நடந்தார் என்றெல்லாம் குறித்துவைப்பவர். 1953-க்குப் பிறகான டைரிகளில் இரட்டையர் யாரையும் சோதித்ததற்கான தடயமே இல்லை. ஆனால் 1955-க்கும் 1966-க்கும் இடையே மட்டும் கட்டுரைகளில் 32 புதிய ஜோடிகள் சேர்ந்திருக்கிறார்கள். பர்ட்டுக்கு அப்போது 72-லிருந்து 83 வயது.

இன்னும் ஒரு சம்பவம். ஹார்வர்டின் கிறிஸ்டோஃபர் ஜென்க்ஸ், 53 ஜோடிகளின் தனித்தனி மதிப்பெண்களைக் கேட்டு எழுதினார். பட்டியல் உடனே போகவில்லை, சில வாரம் கழித்துப் போனது. 1969 ஜனவரி டைரியில், அந்தப் பட்டியலுக்காக பர்ட் ஒரு வாரம் போலக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது. மதிப்பெண்கள் கையில் இருந்தால் பார்த்து எழுத அரை நாள் போதும். எதைக் கணக்கிட்டார்? ஹெர்ன்ஷாவின் முடிவு: சராசரி, பரவல், 0.771 எல்லாம் சரியாக வரும்படி பின்னோக்கிப் போய் 106 பேருக்கு மதிப்பெண்களை உருவாக்கினார். புகழுரை வாசித்தவரே 1979-ல் இதை எழுதினார். மறு ஆண்டு பிரிட்டன் உளவியல் சங்கம் அதை ஏற்றது.

மூலத் தாள்களைப் பார்த்து உறுதி செய்ய முடியாதா? முடியாது. பர்ட் இறந்த சில நாட்களில், அவரைக் கடுமையாக விமர்சித்துவந்த லியம் ஹட்சன் என்ற உளவியலாளரே ஆர்ச்சரைப் போய்ப் பார்த்தார். வீட்டில் பெட்டி பெட்டியாகக் காகிதங்கள். அவரது ஆலோசனைப்படி ஆர்ச்சர் அவற்றை எரித்துவிட்டார். சதி எதுவும் இல்லை, வெறும் வீட்டைக் காலி செய்யும் வேலை. ஆனால் லண்டன் கவுன்டி கவுன்சில் காலத்துக் குழந்தைகளின் பதிவுகள் அதில் இருந்திருந்தால், அவையும் அதோடு போயின.

அவர் பக்கம் என்ன சொல்கிறார்கள்?

கதை அங்கே முடியவில்லை. 1989-ல் ராபர்ட் ஜாய்ன்சன், 1991-ல் ரொனால்ட் ஃப்ளெட்சர் என இருவர் பர்ட்டுக்காக வாதாடும் புத்தகங்களை எழுதினார்கள். போருக்கு முன் சேகரித்த தரவு தொலைந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்திருக்கலாம். போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளின் டைரிகளே கிடைக்கவில்லை, எனவே அப்போது சோதிக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய எண்ணைத் திரும்பக் கணக்கிடாமல் அப்படியே எடுத்துப் போட்டது சோம்பேறித்தனம், மோசடி ஆகாது. ஹோவர்ட் என்ற பெயரில் ஒருவரைத் தெரியும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பர்ட்டின் வேறொரு பெரிய அட்டவணை இயற்கைக்கு மாறாகக் கச்சிதமாக இருக்கிறது என்று 1978-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த குற்றச்சாட்டுக்கு, புள்ளியியலாளர்களிடமிருந்தே மறுப்பும் வந்தது.

1992-ல் பிரிட்டன் உளவியல் சங்கம் பின்வாங்கியது. பர்ட் குற்றவாளியா இல்லையா என்பதில் சங்கத்துக்கு எந்த நிலைப்பாடும் இல்லை என்றது. 1995-ல் நிக்கோலஸ் மெக்கின்டாஷ் தொகுத்த புத்தகம் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஒவ்வொன்றாக மறுபடி எடைபோட்டது. சில தளர்ந்தன, இரட்டையர் தரவின் மீதான சந்தேகம் தளரவில்லை.

என்னைக் கேட்டால், மோசடியா அலட்சியமா என்ற பட்டிமன்றத்தைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. 1966-ல் அந்தக் கட்டுரையைப் பார்த்த இதழாசிரியர், மதிப்பீட்டாளர், வகுப்பில் பாடமாக நடத்திய பேராசிரியர்கள், இத்தனை பேரில் ஒருவர்கூட முந்தைய கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அதற்குப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை, பத்து நிமிடம் போதும். சர் சிரில் எழுதியிருக்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். எண்கள் அவர்கள் ஏற்கெனவே நம்பியதைத்தான் சொல்லின.

65 ஜோடிகள்

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1981-ல் தாமஸ் பூஷார்டும் மேட் மெக்யூவும் உலகம் முழுவதும் நடந்த 111 குடும்ப ஆய்வுகளைத் தொகுத்தபோது பர்ட்டை முழுக்க விலக்கினார்கள். பிரிந்து வளர்ந்த இரட்டையர் பற்றி மிஞ்சியது மூன்றே ஆய்வுகள், 65 ஜோடிகள். சராசரி ஒட்டுறவுக் கெழு 0.72. பர்ட்டின் எண்ணிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. அவர் ஊகித்த எண் கிட்டத்தட்ட சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் மிஞ்சிய ஜோடிகளில் பலர் உறவினர் வீடுகளிலேயே வளர்ந்தவர்கள் என்பதால், அந்த 0.72-ல் மரபணு எவ்வளவு, ஒரே மாதிரி வீடு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். வீடுகளுக்கு இடையே தொடர்பே இல்லை என்ற அந்த ஒரு விஷயத்தைப் பர்ட்டின் தரவு மட்டும்தான் கொடுத்தது.

ஒரு சின்னக் கணக்கு. பர்ட்டின் 53-ஐயும் இந்த 65-ஐயும் சேர்த்தால் 118. அதில் அவர் பங்கு 45 சதவீதம். 1966-லிருந்து 1974 வரை, அறிவுத்திறன் பிறவியா வளர்ப்பா என்று வகுப்பறையிலோ நாடாளுமன்றத்திலோ யார் பேசினாலும், அவர்கள் கையில் இருந்த உலகத் தரவில் ஏறக்குறைய பாதி பிரிம்ரோஸ் ஹில்லில் உள்ள ஒரே வீட்டிலிருந்து வந்தது.

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்து மெதுவாக இலெவன் பிளஸ்ஸைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1965-ல் அரசு, எல்லோருக்கும் பொதுவான பள்ளிகளை நோக்கி நகரும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. அந்த முடிவு காமினுக்கும் கில்லிக்கும் முந்தியது. அதற்குக் காரணம், பதினொரு வயதில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்கள் வாக்களித்ததும், அப்படி ஒதுக்கப்பட்டவர்களில் பலர் பின்னர் நன்றாகப் படித்ததும். கென்ட் போன்ற சில பகுதிகளில் அந்தத் தேர்வு இன்றும் நடக்கிறது. பர்ட்டின் சொல் வாசிப்புச் சோதனையும் திருத்தப்பட்ட வடிவங்களில் அவர் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் பள்ளிகளில் புழங்கியது. எளிய சொல்லில் தொடங்கி கடினமான சொல்லுக்குப் போகும் ஒரு பட்டியல், எந்த இடத்தில் குழந்தை தடுமாறுகிறது என்று ஆசிரியர் குறித்துக்கொள்வார். அதில் யாரும் எந்தத் தவறும் கண்டுபிடிக்கவில்லை. பர்ட்டின் எஞ்சிய காகிதங்களும் டைரிகளும் லிவர்பூல் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 53 ஜோடிகளின் பெயர்ப் பட்டியல் அவற்றில் இல்லை.